சமூக நீதி பத்திப் படிக்கணுமா? ஒரே ஒரு டிகிரி போதாது... திண்டுக்கல் சொல்லும் 3 பாடங்கள்!

திண்டுக்கல் - திருச்சி நான்கு வழிச்சாலையில் இருக்கிறது அய்யலூர். வியாழக்கிழமை ஆட்டுச்சந்தை, தக்காளி மார்க்கெட், வண்டிக் கருப்பணசாமி கோயில்... இந்த மூன்றையும் சொன்னால் பலருக்கும் ஊர் ஞாபகம் வந்துவிடும். காலையிலும் மாலையிலும் இந்தச் சாலையில் ஓடும் மில் வேன்களும் இந்த ஊரின் அடையாளம்தான்.

இந்தப் பகுதியில் பிளஸ் 2 முடிக்கிற பிள்ளைகள் முன்னாடி நிற்கிற கேள்வி, காலேஜா, மில் வேனா? காலேஜ் என்று முடிவானாலும் அடுத்த கேள்வி வரும். "ஊர்ல நடக்குற அநியாயத்தைக் கேட்கணும், அதுக்கு ஏதாவது படிப்பு இருக்கா?" என்று ஒரு பிள்ளை கேட்டால், வீட்டில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "வக்கீலுக்குப் படி."

அந்தப் பதில் தப்பில்லை. ஆனால் பாதிதான் சரி. மீதிப் பாதி என்ன என்பதைத் திண்டுக்கல் மாவட்டத்திலேயே நடந்த மூன்று விஷயங்களை வைத்துப் பார்க்கலாம்.

முதல்ல, இது என்ன படிப்பு?

தமிழ்நாட்டில் சமூக நீதி என்றதும் இடஒதுக்கீடுதான் முதலில் நினைவுக்கு வரும். காரணம் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் கல்லூரி இடஒதுக்கீட்டை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கில் வந்த தீர்ப்புதான், 1951-ல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு ஒரு முக்கியக் காரணம். ஆக, காலேஜ் சீட்டுக்கும் சமூக நீதிக்கும் உள்ள உறவு இங்கே ரொம்பப் பழசு.

ஆனால் பல்கலைக்கழகங்களில் இந்தப் பாடம் இன்னும் விரிவானது. சாதி, பாலினம், கூலி, நிலம், தண்ணீர், மாற்றுத்திறன், சுற்றுச்சூழல் எல்லாம் இதற்குள் வரும். அநீதி எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்வது ஒரு பகுதி. அதை மாற்ற யாரிடம், எந்த ஆதாரத்தோடு, எந்த வழியில் பேசுவது என்பது இன்னொரு பகுதி. இரண்டாவது பகுதியைத்தான் 'அட்வகசி' என்கிறார்கள். கோஷம் போடுவது அதில் ஒரு துளிதான். மனு எழுதுவது, கணக்கெடுப்பு நடத்துவது, பேச்சுவார்த்தையில் உட்காருவது, கோர்ட்டுக்குப் போவது, செய்தியாக்குவது எல்லாமே அட்வகசிதான்.

இத்தனையையும் ஒரே துறை கற்றுக்கொடுக்க முடியாது. அதனால்தான் சட்டம், சமூகவியல், சமூகப்பணி, பொருளாதாரம், பொது சுகாதாரம், இதழியல் எனப் பல துறைகளில் இது பரவிக் கிடக்கிறது.

பாடம் 1: 467 கிணறுகள்

திண்டுக்கல் தோல் தொழிலுக்குப் பேர்போன ஊர். தோல் ஷாப்புகளில் இருந்து வெளியேறிய கழிவுநீர் நிலத்தடி நீரைக் கெடுத்தது. வேலூர், ஆம்பூர் பக்கமும் இதே கதைதான். 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28-ல்.

அந்தத் தீர்ப்பில் திண்டுக்கல் பற்றி ஒரு கணக்கு வருகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கிணறு கிணறாகப் போய்க் கணக்கெடுத்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. அதாவது, நாலு கிணற்றில் மூன்று.

மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், ஆபத்து வரும் முன்பே தடுக்க வேண்டும். இந்த இரண்டு கொள்கைகளும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது.

இதில் என்ன பாடம்? வாதாடியது வக்கீல். ஆனால் கிணறுகளை எண்ணியவர்கள் இல்லையென்றால் கோர்ட் முன் வைக்க எண் இல்லை. தண்ணீரைப் பரிசோதிக்க வேதியியல் தெரிந்தவர் வேண்டும். விளைச்சல் எவ்வளவு போச்சு என்று சொல்ல வேளாண்மை தெரிந்தவர் வேண்டும். அந்தத் தீர்ப்பே விவசாயப் பல்கலைக்கழக ஆய்வு மையம் தந்த தகவலை எடுத்துச் சொல்கிறது. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த பிள்ளைக்கும் சமூக நீதியில் இடம் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பாடம் 2: ஓர் ஆலை, ஓர் ஒப்பந்தம்

2021 ஜனவரி. திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் மீது குற்றம் சாட்டப்பட்டது. ஆலைக்குள் பாலியல் தொல்லை சகஜமாக இருந்தது என்று அங்கு வேலை பார்த்த பெண்கள் பேசத் தொடங்கினார்கள்.

இப்படிப்பட்ட சம்பவங்கள் நாலு நாள் செய்தியாகி மறைந்துபோவதுதான் வழக்கம். இங்கே அப்படி நடக்கவில்லை. பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விஷயத்தைக் கையில் எடுத்தது. ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ், அமெரிக்காவைச் சேர்ந்த குளோபல் லேபர் ஜஸ்டிஸ் ஆகிய அமைப்புகளும் சேர்ந்தன. 2022 ஏப்ரலில் ஆலையின் உரிமை நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், அங்கிருந்து துணி வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனமும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பின்னர் கேப், பி.வி.எச். நிறுவனங்களும் இணைந்தன. உலக அளவில் இதன் பெயரே 'திண்டுக்கல் ஒப்பந்தம்'தான்.

இதன்படி, தொழிலாளர்களில் இருந்தே பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வேலைத் தளத்திலேயே தொல்லைகளைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பு தரப்பட்டது. பாலினத்தோடு சாதிப் பாகுபாடும் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. ஆலை நிர்வாகம் மீறினால், துணி வாங்கும் பிராண்டும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதுதான் இதன் பலம்.

இதைச் சாதிக்க எத்தனை பாடம் தேவைப்பட்டிருக்கும் என்று பிரித்துப் பார்த்தால்:

- சட்டம்: பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். அதற்குத் தலைவர் ஒரு பெண். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் தரலாம், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். 1997-ல் வந்த விசாகா தீர்ப்புதான் இதன் அடித்தளம்.
- சமூகவியல்: சட்டம் இருந்தும் ஏன் புகார் வரவில்லை? மேற்பார்வையாளர் யார், தொழிலாளி யார், இருவருக்கும் நடுவே சாதியும் வறுமையும் எப்படி வேலை செய்கின்றன என்று புரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.
- பொருளாதாரம்: வேடசந்தூர் பக்கம் தைக்கும் சட்டை எந்த நாட்டுக் கடையில் விற்கிறது, யாருக்கு எவ்வளவு லாபம், யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்ற கணக்கு இது.
- உளவியல், சமூகப்பணி: பாதிக்கப்பட்டவரை நம்பிக்கையோடு பேச வைப்பது, குடும்பத்தைத் தாங்குவது.
- சர்வதேச உறவுகள்: பணியிட வன்முறை பற்றி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் 190-வது உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா அதற்கு ஒப்புதல் தராத நிலையிலும், அதன் வரையறைகளை ஓர் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவர முடியும்.

அதைவிட முக்கியமான ஒன்று, ஆலைக்குள் என்ன நடக்கிறது என்ற அறிவு தொழிலாளர்களிடம்தான் இருந்தது. எந்த யுனிவர்சிட்டியும் அதைக் கற்றுக்கொடுக்க முடியாது. படித்தவர்கள் அதைக் கேட்கக் கற்றுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பாடம் 3: வேடசந்தூர் எம்.எல்.ஏ.வாக இருந்த டாக்டர்

டாக்டர் டி.எஸ். சௌந்தரம் பெரிய தொழிலதிபரான டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனார். ஜி. ராமச்சந்திரனைச் சாதி கடந்து மறுமணம் செய்தார். 1947-ல் இருவரும் சேர்ந்து சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தை ஆரம்பித்தார்கள். சிறிய அளவில் தொடங்கிய மருத்துவப் பணி, கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது.

வைத்தியம் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்தது. 1952-ல் ஆத்தூர், 1957-ல் வேடசந்தூர் தொகுதிகளில் எம்.எல்.ஏ. ஆனார். 1962-ல் திண்டுக்கல் எம்.பி. ஆகி, மத்திய கல்வித் துறை துணை அமைச்சராகவும் இருந்தார். அய்யலூர் இன்றைக்கும் வேடசந்தூர் தொகுதிக்குள்தான் வருகிறது.

மருத்துவம், கல்வி, அரசியல் என ஒரே ஆள் மூன்று துறைகளில் நடந்தார். டாக்டர் அம்பேத்கரின் வழியும் இதுதான். பொருளாதாரத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலும் ஆய்வுப் பட்டங்கள், லண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் படிப்பு. இதற்கு நடுவே சாதியின் தோற்றம் பற்றி 1916-ல் கொலம்பியாவில் அவர் வாசித்த கட்டுரை மானுடவியல் கருத்தரங்குக்கானது. சட்டம் மட்டும் படித்திருந்தால், சாதியைப் பற்றி அப்படி எழுதியிருப்பாரா என்பது யோசிக்க வேண்டிய கேள்வி.

சரி, எங்கே படிக்கலாம்?

*காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம்:* அய்யலூரில் இருந்து திண்டுக்கல் போய், அங்கிருந்து மதுரை ரோட்டில் போனால் வந்துவிடும். 1956-ல் கிராமிய நிறுவனமாகத் தொடங்கி, 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மத்திய அரசு நிதியில் நடப்பது. சமூகவியல், பொருளாதாரம், கூட்டுறவு, ஊரக வளர்ச்சி, அரசியல் அறிவியல், காந்தியச் சிந்தனை எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி வேலை செய்வது இங்கே படிப்பின் ஒரு பகுதி.

*அரசு சட்டக் கல்லூரிகள்:* பக்கத்தில் மதுரை, திருச்சி, தேனி மூன்று இடங்களில் இருக்கின்றன. இவை தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பிளஸ் 2 முடித்தவர்களுக்கு 5 ஆண்டுப் படிப்பு, டிகிரி முடித்தவர்களுக்கு 3 ஆண்டுப் படிப்பு. பி.ஏ., எல்.எல்.பி. என்பதே இரண்டு துறை சேர்ந்ததுதான். அரசியல் அறிவியலும் சமூகவியலும் பொருளாதாரமும் அதற்குள் வரும்.

*தேசிய சட்டப் பல்கலைக்கழகம், திருச்சி:* கிளாட் நுழைவுத் தேர்வு எழுதணும். கட்டணம் அரசு சட்டக் கல்லூரியைவிடப் பல மடங்கு அதிகம். விண்ணப்பிக்கும் முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

*அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், கொடைக்கானல்:* 1984-ல் தொடங்கியது. இதுவும் திண்டுக்கல் மாவட்டம்தான். மகளிரியல் துறை இங்கே உண்டு.

*மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், சென்னை:* மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் தொடங்கியது. எம்.எஸ்.டபிள்யூ. படிப்புக்குப் பெயர் பெற்றது.

*டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், மும்பை:* 1936-ல் தொடங்கியது. சமூகப்பணிப் படிப்பில் நாட்டுக்கே முன்னோடி.

*திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்:* குற்றவியல் துறை இருக்கிறது. காவல், சிறை, பாதிக்கப்பட்டோர் உரிமை பற்றி ஆர்வம் இருப்பவர்களுக்கு ஏற்றது.

ரெண்டு டிகிரி ஒண்ணா படிக்கலாமா?

படிக்கலாம். 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. இதற்கு அனுமதி தந்தது. காலேஜில் ஒரு டிகிரியும் தொலைநிலைக் கல்வியில் இன்னொன்றும் ஒரே நேரத்தில் படிக்க முடியும். உதாரணத்துக்கு, பகலில் பி.எஸ்சி. புள்ளியியல், வீட்டில் இருந்தபடி பி.ஏ. சமூகவியல்.

ஒரு எச்சரிக்கை: சட்டப் படிப்புக்கு பார் கவுன்சில் விதிகள் தனி. எல்.எல்.பி.யோடு இன்னொரு ரெகுலர் டிகிரி சேர்த்துப் படித்தால் பின்னாடி வக்கீலாகப் பதிவு செய்யும்போது சிக்கல் வரும். சேரும் முன்பே கல்லூரியில் கேட்டுவிட வேண்டும்.

கணக்குப் பாடம் எதுக்கு?

சமூக நீதிக்கு உணர்ச்சி போதும், புள்ளிவிவரம் எதற்கு என்று நினைக்கலாம். வன்னியர்களுக்கான 10.5 சதவீத உள்ஒதுக்கீட்டை 2022 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்படித் தனியாகப் பிரிக்கப் போதுமான அடிப்படை இல்லை என்பதுதான் கோர்ட் சொன்ன முக்கியக் காரணம். யார் பக்கம் நியாயம் என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். தரவு இல்லாத கோரிக்கை கோர்ட்டில் நிற்காது என்பது எல்லாத் தரப்புக்கும் பாடம்.

செலவுக்கு என்ன வழி?

- 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது.
- அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. பலருக்கு இது மருத்துவத்துக்கு மட்டும்தான் என்ற நினைப்பு. 2021-லேயே சட்டம், பொறியியல், வேளாண்மை எனப் பல படிப்புகளுக்கு விரிவாக்கப்பட்டுவிட்டது.
- எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை உண்டு. சாதி, வருமானச் சான்றிதழ்களை ரிசல்ட் வரும் முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.
- வக்கீலாகப் பதிவு செய்ய ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கியதை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பொதுப் பிரிவுக்கு ரூ.750, எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு ரூ.125 என்று சட்டத்தில் உள்ளதைத் தாண்டி வாங்கக் கூடாது.

அதெல்லாம் சரி, வேலை கிடைக்குமா?

வீட்டில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட.

உண்மையைச் சொன்னால், சமூக நீதி என்று பெயர் போட்ட டிகிரி மட்டும் கையில் இருந்தால் வேலை தேடுவது கஷ்டம். விளம்பரங்களில் கேட்பது எல்.எல்.பி., எம்.எஸ்.டபிள்யூ., உளவியல், சமூகவியல் என்ற தகுதிகளைத்தான். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் போன்ற இடங்களில் சமூகப்பணி, சட்டம் படித்தவர்களுக்கு வேலை உண்டு. ஆனால் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான். இளம் வக்கீலுக்கு முதல் சில வருஷம் வருமானம் குறைவு. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு இந்தக் காலம்தான் ரொம்பக் கடினம்.

அதனால் துறையில் இருப்பவர்கள் பின்பற்றும் எளிய வழி ஒன்று உண்டு. கைத்தொழில் மாதிரி சோறு போடும் ஒரு முதன்மைப் பாடம், அதோடு இன்னொரு துறையில் நல்ல பழக்கம். வக்கீலுக்குக் கணக்கு வாசிக்கத் தெரியணும். நர்ஸுக்குச் சட்டம் தெரியணும். பத்திரிகையாளருக்குச் சமூகவியல் தெரியணும். அரசுப் பணிக்குப் போகிறவருக்கு இது எல்லாமே உதவும்.

படிக்கும்போதே என்ன செய்யலாம்?

- சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையம் இருக்கும். அதில் சேர்ந்தால் மனு எழுதுவதில் இருந்து பழகலாம்.
- மாவட்ட, வட்ட சட்டப்பணிகள் அமைப்புகளில் சட்டம் சார்ந்த தன்னார்வலராகச் சேர சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. பயிற்சி அவர்களே தருவார்கள்.
- தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுப் பழகலாம். மத்திய, தமிழக அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் ரூ.10. பதில் 30 நாளில் வரணும். ஊர்த் தெருவிளக்கில் இருந்து தொடங்கலாம்.
- உதவி தேவைப்படுபவருக்குச் சொல்ல மூன்று எண்கள் மனப்பாடமாக இருக்கட்டும்: இலவசச் சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

சுருக்கமா சொன்னா...

திண்டுக்கல்லில் 467 கிணறுகளை எண்ணியவர்கள் யாரும் கோர்ட்டில் வாதாடவில்லை. வாதாடியவர்கள் யாரும் கிணறு கிணறாக இறங்கவில்லை. இரண்டு வேலையும் நடந்ததால்தான் தீர்ப்பு வந்தது. எனவே பிளஸ் 2 முடித்த பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி "எந்த டிகிரியில் சமூக நீதி இருக்கு?" என்பதல்ல. "எனக்கு வருகிற பாடத்தை வைத்து, என் ஊர்ப் பிரச்னையில் எந்த வேலையை நான் செய்ய முடியும்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகு அப்ளிகேஷன் போடுவது சுலபம்.